நுனியில் நெளிந்த புழு

எனக்கு அறுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். இன்று வேகவைக்க வாங்கிய மக்காச்சோளத்தை உரித்த பேத்தி, கதிரின் நுனியில் புழுவைக் கண்டதும் வீசப் போனாள். "ஏய், போடாதடி!" என்று கத்திவிட்டேன்.

எண்பதாம் வருஷம், பெருமுக்கல் பக்கத்தில் இருந்தோம். நாலு வயதுத் தங்கை அஞ்சலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கன்னியப்பன் மாமாவின் மக்காச்சோளக் கொல்லைக்குள் கேட்காமல் நுழைந்தேன். மணியை நகத்தால் கிள்ளினால் பால் தெறிக்க வேண்டும், அதுதான் இளங்கதிர். அப்படிப் பார்த்து இரண்டு ஒடித்தேன். ஒன்றை அஞ்சலை பச்சையாகவே தின்று முடித்தாள்.

வரப்பிலிருந்து மாமா கூவினார். "எவடி அது? காலையிலதான் மருந்து அடிச்சேன். தின்னா நுரை தள்ளி செத்துப்பூடுவீங்க!"

"இன்னொண்ணு குடுக்கா" என்றாள் அஞ்சலை. அவள் வாயோரத்து வெள்ளை சோளப்பாலா, நுரையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. என் கையிலிருந்த மற்றக் கதிரைப் பிடுங்கி உரித்தாள். நுனியில் பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

"மருந்து அடிச்சிருந்தா இது எப்டிடி உசுரோட கீது?" என்றாள். அப்புறம்தான் அவளுக்கே மூச்சு வந்தது.

அன்று முதல் புழு இருக்கிற கதிரைத்தான் தேடி எடுக்கிறேன். நுனியை நறுக்கிவிட்டு, உப்புப் போட்டு வேகவைப்பேன்.

எழுத்துக்கூட்டி எழுதிய இதைப் பேத்தியிடம் நீட்டினேன். அவள் சத்தமாகப் படித்து முடித்ததும் சொன்னேன்: "புழு நெளிஞ்சுதே, அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படிம்மா."