சர்க்கரை இல்லாத சர்க்கரைக்காரர்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில், அவற்றை உள்ளே வழிநடத்தும் பைலட்டைக் கொண்டுபோய் ஏற்றிவிடும் லாஞ்ச் படகை ரெக்சன் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். அலை எப்படி அடித்தாலும் கப்பலின் கயிற்றேணிக்கு ஒட்டினாற்போல் லாஞ்சை நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆறு வருடத்துக்கு முன் முத்தையாபுரத்தில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறியது, ஆனால் அதன்பின் பிடித்துக்கொண்ட தாகம் விடவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் அப்படியே சிறுநீராகப் போனது.

திருநெல்வேலியில் டாக்டர் பிரேமா காரணத்தைக் கண்டுபிடித்தார். உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் அவருக்குச் சுரக்கவில்லை. காலையும் இரவும் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்ததும் தாகம் அடங்கிவிட்டது. அடங்காதது நோயின் பெயர்தான்: டயாபடீஸ் இன்சிபிடஸ். மருந்துச் சீட்டைப் பார்த்த யாரும் முதல் சொல்லைத் தாண்டவில்லை. கேன்டீன் ஆவுடையப்பன் கேட்காமலே சீனி போடாத டீயை நீட்டினார். கொழுந்தியாள் கல்யாணத்தில் கேக் தட்டு அவரை மட்டும் தாண்டிப் போனது. தனக்குச் சர்க்கரை கிடையாது என்று சொன்னால், எல்லாச் சர்க்கரைக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார்கள். ரெக்சனும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

ஒரு தடவை சிரிக்க முடியாமல் போனது. படகுத்துறைப் படியில் வழுக்கிக் கால் முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷனுக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால், சர்க்கரை மாத்திரை என்று நினைத்து அவருடைய மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீரும் தரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள். சாயங்காலம் உடம்பில் நீர் வற்றி, அவர் மனைவி டெல்பினையே அடையாளம் தெரியாமல் உளறினார். டெல்பின் பிரேமாவுக்குப் போன் போட்டு, அதைக் கொண்டுபோய் டியூட்டி டாக்டரின் காதில் வைத்தாள். அதனால் பிழைத்தார். காலுக்குள் ஒரு பிளேட்டோடு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த முறை போனபோது பிரேமா ஒரு சேதி சொன்னார். இந்தப் பெயர்க் குழப்பத்தால் எங்கெங்கோ உயிரே போயிருக்கிறதாம். அதனால் பல நாட்டு ஹார்மோன் டாக்டர்கள் சேர்ந்து பெயரை மாற்றிவிட்டார்களாம். ஆர்ஜினின் வாசோபிரசின் டெஃபிஷியன்சி.

"இது வாயிலயே நுழையலியே டாக்டர்," என்றார் ரெக்சன்.

"நுழையாம இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது."

அவர் சொன்னது அப்போது ரெக்சனுக்குப் புரியவில்லை. லாஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். கூட வேலை பார்க்கும் அமலன், ஏதோ கிரேக்கக் கப்பல் பெயர் மாதிரி இருக்கிறது என்றான்.

போன மாதம் காலிலிருந்த பிளேட்டை எடுக்க அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டெல்பினிடம் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். காலையில் பெனிஷா என்ற நர்ஸ் வந்தாள். கேஸ் ஷீட்டில் புதுப் பெயர்தான் இருந்தது. இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன நோய்? எனக்குத் தெரியலியே."

ஆறு வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தெரிந்த பெயர் என்பதால் எல்லோரும் கேட்காமலே போனார்கள். தெரியாத பெயர் இவளை நிறுத்திவிட்டது. பிரேமா சொன்னது இதுதான் என்று அவருக்குப் பட்டது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையில் அடிபட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பெனிஷா அதோடு விடாமல் பிரேமாவுக்கும் போன் செய்து கேட்டாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினாள். ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்து, உடம்பில் நீர் குறையாமலிருக்கக் குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றினாள். மயக்க மருந்து டாக்டரும் வந்து இது என்ன நோய் என்றே கேட்டார். ரெக்சன் அவருக்கும் உற்சாகமாக முதலிலிருந்து சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் டெல்பின் குனிந்து கேட்டாள்: "என்னத் தெரியுதா?"

"நீங்க யாரும்மா?"

அவள் முகம் வெளுத்தது. அவருடைய உதட்டோரம் துடிப்பதைப் பார்த்தவுடன் நறுக்கென்று கிள்ளினாள். பெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து, மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிய ஒரு காலையில் ரெக்சன் மறுபடியும் லாஞ்சில் ஏறினார். வெளியே நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலை நோக்கி எகிறி எகிறிப் போனது லாஞ்ச். ஏணியருகே நிறுத்தியதும் பைலட் சிவப்பிரகாஷ் ஒரே எட்டில் தாவி ஏறி, மேலேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ரெக்சன் இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றி, லாஞ்சைக் கரைக்குத் திருப்பினார்.