ஒன்பது கால் கேபின்

இருதயநாதன் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரன் தராசை நம்பமாட்டான். ரேடியோவில் வானிலை சொன்னால், 'அவன் ரூமுக்குள்ள ஒக்காந்து சொல்றான்' என்று சிரிப்பான். நாளைக்குக் கப்பல் உண்டு என்று ஊரே சொன்னாலும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்பான். அவன் நம்பியது கடலை ஒன்றைத்தான். அந்தக் கடல்தான் வீடு கட்டுகிற விஷயத்தில் அவனை அந்தப் பாடு படுத்தியது. அந்தமானின் லாங் ஐலண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாதி சொல்வதற்குள் சிரித்தும் விடுவார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் அந்தமானுக்கு மீன்பிடிக்க வந்தவன் அவன். ஒரு இஞ்சின் டிங்கிப் படகு, நாலைந்து வலை, மனைவி லூசி, கட்டிக்கொடுத்த ஒரே மகள் சுபிதா. இவ்வளவுதான் சம்பாத்தியம். குடியிருந்தது வாடகை மரவீடு. அதன் தரைப்பலகைகள் உளுத்துப்போய், எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக்கூடாது என்று லூசிக்கு மனப்பாடம். அப்படி இருந்தும் ஒருநாள் உலை வைக்கப் போனவளுக்கு வலதுகால் முழங்கால்வரை பலகைக்குள் இறங்கிவிட்டது. காலை உருவி எடுத்துவிட்டு அவள் அழுவாள் என்று இவன் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. அதுதான் வினை.

"அடுத்தவன் பலகையில நின்னது போதும்," என்றாள். "ஈஸ்டர் பாஸ்காவுக்குள்ள சொந்த எடத்துல ஒரு அஸ்திவாரம் எழும்பணும். எழும்பலேன்னா நான் சுபிதா வீட்டுக்குப் போயிருவேன். போனா வரமாட்டேன், சொல்லிட்டேன்."

தூத்துக்குடியில் சுபிதா மாடியறையைக் கூட்டிக் கழுவி வைத்துக்கொண்டு எப்போதோ கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஆக, இது வாய்ச்சவடால் இல்லை என்று இருதயநாதனுக்குத் தெரியும்.

"அஸ்திவாரம்தானே? ஒத்த ஆளா போட்டுக் காட்டுறேன் பாரு," என்றான். "வீடுகூட இல்ல, கேபின். கப்பல்ல போகையில எல்லாம் பங்க் கட்டில்ல ஒடுங்கிப் படுத்துத்தானே போயிருக்கோம்? ஒனக்குத் தரையில ஒரு கேபின் கட்டித் தாறேன்."

ஒரே அறை, மேலே தகரம், கீழே ஒன்பது மரக்கால்கள். ஓடையோரத்தில் லூசியின் பேரில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. சாதாரண நாளில் காய்ந்து கிடக்கும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓடைத்தண்ணீர் ஏறிவந்து முழங்காலை நனைக்கும். அதனால்தான் கால்வைத்த வீடு.

கடல் வற்றுகிற வத்தம் பார்த்துக் குழி தோண்டினான். தோண்டத் தோண்டச் சேறு சரிந்தது. ஒரு குழியை முடித்துவிட்டுத் திரும்பினால் முந்தின குழியில் நண்டு குடியேறியிருந்தது. அதை விரட்டி, அடியில் கல் போட்டு இடித்து, புதைகிற முனைக்கு மட்டும் தார் பூசிய மரக்கால்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட் போட்டான். டிங்கியை இழுத்துப் பழகிய தோள் என்பதால் முடிந்தது. வேறு ஆளாக இருந்தால் இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

கால் நட்டாயிற்று. இனி எல்லாக் காலின் தலையையும் ஒரே மட்டத்தில் அறுக்க வேண்டும். தரை மேடும் பள்ளமுமாகக் கிடப்பதால் தரையிலிருந்து அளக்க முடியாது. நீளமான டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்க்கிற கொத்தனார் ஒருவர் அக்கரையில் ரங்கத் ஊரில் இருந்தார். அவரைக் கூப்பிடச் சொன்னாள் லூசி. இவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"டியூப்ல இருக்கது ஒரு சொம்புத் தண்ணி. எங்கிட்ட கடலே இருக்கு. ஏத்தம் வந்து தண்ணி நிக்கும்போது ஒவ்வொரு கால்லயும் தண்ணி தொடுற எடத்துல ஒரு குறி. குறியில இருந்து ஒரே கம்பால அளந்து மேல அறுத்தா முடிஞ்சுது. தண்ணி பொய் சொல்லுமா?"

கேட்பதற்கு என்ன அழகாக இருக்கிறது! பௌர்ணமி ஏத்தத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் குறி போட்டான். மறுநாள் கம்பு வைத்து அளந்து ஒன்பது தலையையும் அறுத்துத் தள்ளினான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கால்களின் மேல் ஒரு பலகையை வைத்துப் பார்த்தான். கன கச்சிதம். மூன்றாவது காலுக்கும் சரி. நாலாவதில் ஒரு விரல் இடைவெளி. ஐந்தாவதில் இரண்டு விரல். கடைசிக் காலுக்குப் போகையில் ஒரு சாண் பள்ளம்.

அன்றைக்குப் பிடித்தது குழப்பம்.

முதலில் கண்ணைச் சந்தேகப்பட்டான். விடிய விடியக் கடலில் ஆடிவிட்டு வந்தால் கரையும் ஆடும், தெரிந்ததுதானே? இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் இருந்து பார்த்தான். கோணல் கோணலாகவே இருந்தது. பிறகு கம்பைச் சந்தேகப்பட்டான், அளந்தால் கம்பு சரியாக இருந்தது. இரவல் வாங்கிவந்த ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்தான். குமிழி ஒரு பக்கம் ஓடியது. பலகையைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் ஓடியது. பலகையே வளைந்தது என்று புரிவதற்கு அவனுக்கு ஒரு பகல் பிடித்தது. ஒருவேளை நட்ட கால் புதைகிறதோ? பூமியே சாய்கிறதோ? எதை எதையோ நினைத்தான், கடலை மட்டும் நினைக்கவில்லை. அதை எப்படிச் சந்தேகப்படுவான், சோறு போடுகிற சாமியை?

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? பக்கத்து வயல்காரன் நிதாய் மண்டல் வேலியில் சாய்ந்துகொண்டு, "நாதன் பாய், டேடா ஹை! வடக்குப் பக்கம் நீச்சே!" என்றான். கோணல், வடக்கு தாழ்ந்துவிட்டது என்கிறான். அவன் பெங்காலி, தமிழும் இந்தியும் கலந்து அடிப்பான். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் அப்பாராவ் உடனே, "அதெல்லாம் இல்ல, தெற்கு ஊஞ்சா!" என்றார். தெற்கு உயர்ந்துவிட்டதாம். ஒருவன் வடக்கு தாழ்வு என்கிறான், மற்றவர் தெற்கு உசரம் என்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வெயில் தலைக்கு வரும்வரை சண்டை போட்டார்கள். நடுவில் நின்ற இருதயநாதன் இரண்டு பக்கமும் தலையாட்டி, கடைசியில் எது வடக்கு என்பதே மறந்து நின்றான்.

கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கும் செந்தமிழன் வந்தான். சேலத்துக்காரன், வாஸ்து படித்தவன். நாலு மூலையும் சுற்றிப் பார்த்துவிட்டு இவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணே, யாருண்ணே பாத்துக் குடுத்தது? கன்னிமூலை உசந்து ஈசானியம் தாழ்ந்திருக்கு! இப்படி அமையறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். கையே வெச்சிடாதீங்க!"

"தம்பி, இதுல தரை போட்டா சட்டி உருண்டுபோவுமே?"

"உருளட்டும்ணே. செல்வம் நிக்கும்."

சட்டி உருளுகிற வீட்டில் செல்வம் எப்படி நிற்கும்? இருதயநாதன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். ஒரு காலைச் செதுக்கலாம் என்று உளியை எடுப்பான், எந்தக் காலைச் செதுக்குவது என்று தெரியாமல் கீழே வைப்பான். பாஸ்கா நெருங்கிக்கொண்டிருந்தது. லூசி துணிமணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் ஒவ்வொரு சேலையாக மடிக்க, இவன் விரல்விட்டு நாளை எண்ணினான்.

ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்தவள், புருஷன் சேற்றில் குப்புறப் படுத்து ஒற்றைக்கண்ணால் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தூக்கை இறக்காமலே கேட்டாள்.

"எந்தக் காலுக்கு மொதக் குறி போட்டீய?"

"அந்தா, அதுக்கு."

"அப்புறம்?"

"வரிசையாத்தான். மூணு கால் மளமளன்னு போட்டேன். நாலாவதுகிட்ட போகையில நிதாய் வந்து அவன் பசுமாட்டுக் கதையை எடுத்தான். அஞ்சாவதுல குறி கீறுற ஆணி தண்ணிக்குள்ள விழுந்துட்டு, தடவித் தடவி எடுத்தேன். அப்புறம் அப்பாராவ் டீ கொண்டாந்தாரு. முகத்தைப் பாத்து வேண்டாங்க முடியுமா?"

"மொதக் கால்ல தண்ணி ஒங்களுக்கு எதுவரைக்கும் நின்னுச்சு?"

"முழங்கால்."

"கடைசிக் கால்ல?"

"கெண்டைக்கால். அங்க தரை மேடுன்னு..."

சொன்னவன் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். அந்த மூலைதான் நிலத்திலேயே பள்ளமான மூலை. அவன் பசுமாட்டுக் கதை கேட்டு, ஆணி தேடி, டீ குடித்து முடிப்பதற்குள் ஏத்தம் திரும்பி, தண்ணீர் தன்பாட்டில் வற்றிக்கொண்டே போயிருக்கிறது. இவன் இறங்குகிற தண்ணீரின் பின்னாலேயே போய் ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு மட்டம் போட்டிருக்கிறான். சின்னப்பிள்ளைகூடச் சொல்லும் தண்ணீர் வற்றும் என்று. வாழ்நாள் முழுக்க ஏத்தமும் வத்தமும் பார்த்துப் பிழைத்தவனுக்குத் தெரியாமல் போய்விட்டது! காதெல்லாம் சுட்டது. எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தான்.

லூசி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்திருந்தாலும் போதும். அவள் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தோள் குலுங்கின மாதிரி இருந்தது. சிரிப்பா, அழுகையா? பின்னாலிருந்து பார்த்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மாதா சுரூபம் இருந்த பலகை காலியாக இருந்தது. அது பைக்குள் போய்விட்டது. போய்விட்டு வருகிறவள் மாதாவை எடுத்துக்கொண்டு போவாளா? 'போகாதே லூசி' என்று சொல்ல வாயெடுத்தான். அதை விட்டுவிட்டுக் காலிப் பலகையின் தூசியைத் துடைத்தான். கோணலாக அறுத்த மரத்தை மறுபடி அறுக்கலாம், இந்த மனுஷி மனதில் என்ன ஓடுகிறது என்று எதை வைத்து அளப்பது? அவள் போய்விட்டால் கேபின் எதற்கு, டிங்கி எதற்கு, தான்தான் எதற்கு என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தான்.

பாஸ்காவை ஒட்டிய அடுத்த பௌர்ணமி ஏத்தமும் லூசி போகிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. காலையில் படகுத்துறை ஜெட்டியில் ரங்கத் பக்கம் போகிற போட்டைப் பிடித்து, அங்கிருந்து பஸ், பிறகு கப்பல். "நான் தனியாவே ஜெட்டிக்குப் போய்க்கிடுவேன். நீங்க ஒங்க சோலியைப் பாருங்க," என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

இந்தமுறை ஒன்பது காலுக்கும் ஒன்பது ஆள், ஒரே சத்தத்தில் ஒன்பது குறி என்று ஏற்பாடு செய்திருந்தான். உண்மையில் அது ஒரு ஆள் வேலை. வாயை மூடிக்கொண்டு சுற்றிவந்தால் தண்ணீர் அசைவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. நிதாயும் அவன் மனைவியும் வந்தார்கள். அப்பாராவ் இரண்டு மகள்களையும் கூட்டிவந்தார். ஈசானியத்தில் கைவைக்கிறார்களே என்று புலம்பிக்கொண்டு செந்தமிழன், கூடவே அவன் மனைவி ரூபா. இவனோடு எட்டு. ஒன்பதாவதாக வருகிறேன் என்றவன் ஜெட்டியில் கயிறு பிடிக்கிறவன். போட் வந்துவிட்டதால் அவன் வரவில்லை.

ஆளுக்கொரு கரித்துண்டோடு எல்லோரும் தண்ணீருக்குள் நின்றார்கள். தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கால் மட்டும் ஆளில்லாமல் நின்றது. இருதயநாதன் அதற்கும் தன் காலுக்கும் நடுவே போவதும் வருவதுமாகத் தண்ணீரைக் கலக்கினான். "நாதன் பாய், ஒரு எடத்துல நில்லு!" என்று நிதாய் கத்தினான்.

அப்போது பாதையில் லூசி வந்தாள். நல்ல சேலை, தலையில் பூ, தோளில் பை. ஜெட்டிக்குப் போகிற வழி அதுதான். வேலியோரம் நின்று தண்ணீருக்குள் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாள், ஆளில்லாத காலைப் பார்த்தாள். பையை வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிப் போய் அந்தக் காலைப் பிடித்தாள்.

"கரி குடுங்க," என்றாள்.

ஜெட்டியில் போட் ஊதியது.

"ஏட்டி, போட்டு! நீ போ, நான் எப்படியாவது..."

"தண்ணி இன்னும் ஏறுது. பேசாதீய. பேசித்தான இம்புட்டும்."

போட் இரண்டாம் முறை ஊதியது. லூசி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் தன் காலைச் சுற்றி நின்ற தண்ணீரிலேயே இருந்தது. ஏறின தண்ணீர் ஏறாமல் நின்றது.

"இப்ப! எல்லாரும் போடுங்க!"

ஒன்பது கை ஒன்றாகக் கோடு இழுத்தது. ஓடைக்கு அப்பால் போட் இஞ்சின் சத்தம் நகர்ந்து நகர்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று. அப்பாராவின் மகள்கள் லூசியையும் இவனையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"லூசி," என்றான் இருதயநாதன். "நீ இருக்கியா, போறியா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாயத் தொறந்து சொல்லு."

அவள் கரிப்பட்ட கையைத் தண்ணீரில் அலசினாள்.

"ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. நான் பலகையைப் பிடிக்கேன். வெயில் ஏறுமுன்ன மூணு காலாவது அறுக்கணும்."

அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொண்டு கரையேறிப் போனவன் பாதி வழியில் நின்றான். ரம்பத்தை எங்கே வைத்தோம் என்று சுத்தமாக மறந்துபோயிருந்தது.