காலியாக இருந்த பேக்கப்

1. டிஸ்க் போன மதியம்

கடலூரில் பிறருடைய ஃபைல்களைப் பாதுகாத்து வைக்க என் மச்சானும் நானும் நடத்தும் சர்வர் ரூமில், மழைக்காலத்தில் ஒரு மதியம் டிஸ்க் ஒன்று செத்துப்போனது. நான் பதறவில்லை. டிஸ்க் என்றால் ஒருநாள் போகும். அதற்காகத்தான் எல்லா கஸ்டமரின் ஃபைல்களுக்கும் வெளியூர் கிளவுடில் ஒரு நகல் வைக்கிறோம். நீங்கள் போனில் திறக்கும் தளங்கள் ஓடுவதும் இப்படித்தான். ஒரு மெஷின் விழுந்தால், வேறெங்கோ இருக்கும் நகல் வேலையை எடுத்துக்கொள்ளும்.

கிளவுடைத் திறந்தேன். ஃபோல்டர் காலி.

கோடையில் சிலருடைய ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றியபோது, தினமும் தானாக நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் அந்த ஃபோல்டரின் பாதையை மாற்ற மறந்திருந்தேன். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் ஸ்கிரிப்ட் அது. காலி ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு, தினமும் 'சக்சஸ்' என்று காட்டியது. நானும் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

போனவை சிதம்பரம் நூர்ஜஹான் டீச்சருடையவை. காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர். ஒவ்வொரு குழந்தையின் முதல் ஒலியிலிருந்து ரெக்கார்டு செய்து வைத்திருந்தார்.

"இடி எறங்கிடுச்சுன்னு சொல்லிடு மாப்ள. மழக்காலந்தான, நம்புவாங்க" என்றார் மச்சான்.

2. சிதம்பரத்தில்

அன்றே வண்டியில் போய் டீச்சரிடம் அப்படியே சொன்னேன்.

"இடி விழுந்தா நீங்க என்ன சார் பண்ணுவீங்க? இந்த மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வந்து சொல்றீங்களே, அதுவே ஜாஸ்தி" என்று துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார்.

பிறகு அங்கே காத்திருந்த ஒரு தாயிடம், "உங்க பையன் மொதமொத 'மா'ன்னு சொன்னது போயிடுச்சும்மா. யார் மேலயும் தப்பில்ல" என்றார். பரவாயில்லை என்பதுபோல் அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"இடி விழல டீச்சர். நாந்தான் பேக்கப்ப சரியா பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். என் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப மத்தவங்களோடத பாத்துட்டீங்களா?"

பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஓடுவது அதே ஸ்கிரிப்ட்தான். மதியத்திலிருந்து என் பெயரைக் காப்பாற்றும் யோசனையிலேயே இருந்துவிட்டேன். பொய் சொன்னதைவிட இதுதான் என்னை அதிகமாகக் குன்ற வைத்தது.

அவருடைய வராண்டாவிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். முதுநகர் மருந்துக்கடை ஒன்றின் நகல் காலி. ஸ்ரீமுஷ்ணம் ஸ்கேன் சென்டர் ஒன்றின் நகலும் காலி. நல்லவேளை, இரண்டின் டிஸ்க்குகளும் நன்றாக இருந்தன. ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, இரண்டின் ஃபைல்களும் முழுதாக கிளவுடில் ஏறும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

டீச்சர் அந்த மாதமே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். அவர் செய்தது சரி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். மாதம் ஒருமுறையாவது நகலிலிருந்து ஒரு ஃபைலை இறக்கித் திறந்து பாருங்கள். தப்பு நடந்துவிட்டால், இன்னும் யாருக்கெல்லாம் அது நடக்கக்கூடும் என்று முதலில் தேடுங்கள். நம் மானத்தைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.