உடறனுங்க, உடுங்க

பீளமேட்டில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் ஊற்றிப் பிழைத்த பொங்கியண்ணனுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். டாக்டர் என்றால் ஊசி குத்தத் தெரியாதவன், பேங்க் மேனேஜர் என்றால் கூட்டல் வராதவன். அந்த இளக்காரத்தில் பெரும்பங்கு தங்கச்சி புருஷன் தனபாலுக்குத்தான். நூல் வியாபாரத்தில் நொடித்து, கோழித்தீவனம் விற்று, அதிலும் நொடித்த மனுஷன். மனசுக்குள் 'தண்டச்சோறு' என்பார். வாயில் 'வாங்க மாப்பிள்ளை' என்பார். தங்கச்சியைக் கட்டியவரிடம் 'ங்க' போடாமல் பேசினால் சொந்தபந்தம் காறித் துப்பும்.

தொண்ணூற்று நாலில் மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். தன் அப்பன் அந்தக் காலத்தில் வாங்கிய கறுப்பு மாரிஸ் காரில், தானே ஓட்டி, பெண்ணை மண்டபத்தில் இறக்குவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பிரேக்குக்குப் புது ரப்பர் போட வந்த போத்தனூர் மெக்கானிக்கிடம், "ஸ்பேனர் புடிக்க உங்களுக்கு ஆருங்க கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். பாதி வேலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் பெண்ணழைப்பு.

பாக்கி இருந்தது பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலைதான். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, பிரேக் ஆயிலோடு காற்று வெளியேறியதும் மூட வேண்டும். மூடும்முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். கல்யாண வீட்டில் சும்மா இருந்தவர் தனபால் ஒருவரே.

"மிதிச்சுப் புடிங்க மாப்பிள்ளை! உடறனுங்க!" என்று அடியிலிருந்து குரல் கொடுத்து நிப்பிளைத் திறந்தார் பொங்கியண்ணன். மத்தியானம் முழுக்க இதே கூத்து. டப்பா டப்பாவாக ஆயில் தீர்ந்தும் பெடல் பஞ்சாக உள்ளே போனது. பெடல் மிதிக்கக்கூட வக்கில்லாத ஜென்மம் என்று உள்ளுக்குள் கறுவினார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, சோறு தின்னீங்கல்ல?"

"நான் வேணாக் கீழ படுக்கறனுங்க மச்சான், நீங்க மிதிங்க."

இடம் மாறினார்கள். பொங்கியண்ணன் அழுத்தி மிதித்தார். "உடறனுங்க!" என்றார் தனபால். பொங்கியண்ணனின் கால் தானாக மேலே வந்துவிட்டது. காதில் விழுந்தது 'உடுங்க'.

மத்தியானம் முழுக்க மாப்பிள்ளை காலை எடுத்ததும் இதனால்தான் என்று அவருக்கு உறைத்தது. நிப்பிள் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க நாக்கு துடித்தது. ஆனால் நாளைக்கு அவிநாசி ரோட்டில் லாரிக்குப் பின்னால் இந்தப் பெடலை மிதிக்கும்போது, பின் சீட்டில் மகள் இருப்பாள்.

"இந்த 'ங்க' கெடுத்துப்போட்டுதுங்க மாப்பிள்ளை. 'உடறனுங்க'ன்னு நிப்பிளத் தொறக்கறதச் சொன்னா, 'உடுங்க', காலை எடுங்கன்னு காதுல உழுகுது."

"அப்பறம் எப்படிங்க சொல்றது?"

"ங்க போடாமச் சொல்லோணும்," என்றார். சொல்லவே வாய் கூசியது.

அடியில் தனபால் நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினார்.

"மிதி," என்றது குரல். "புடி. உடறன்... மூடியாச்சு, காலை எடு." அடுத்த சக்கரத்தில் குரலுக்குத் தெம்பு கூடியது. கடைசிச் சக்கரத்தில், "மிதிடா! நல்லா மிதி! சோறு தின்னியா இல்லியா?"

பிரேக்குக்கு அந்த 'டா' தேவையே இல்லை. பொங்கியண்ணன் மிதித்தார். மனசுக்குள் இத்தனை வருஷம் தான் பேசி வந்த அதே தொனி. இந்த ஆளும் வாயில் 'ங்க' போட்டுக்கொண்டே தன்னை இப்படித்தான் நினைத்திருக்கிறான்.

பெடல் கல்லாக நின்றது. தனபால் வெளியே வந்து வேட்டியில் கையைத் துடைத்தார்.

"சரியாப் போச்சுங்க மச்சான்," என்றார், மரியாதையாக.