ஷிஜி வைத்த விலைத்திரை

அம்பூரியில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன் நான், கனகதாஸ். முன்கோபக்காரன், மறைப்பதற்கில்லை. கொல்லயில் ஊரிலிருந்து ஷிஜி வந்து என் கடைச் சுவரில் ரப்பரின் சந்தை விலை காட்டும் விலைத்திரை வைக்கட்டுமா என்று கேட்டபோதும் எரிந்துதான் விழுந்தேன், பிறகுதான் சரி என்றேன். திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் குறைத்ததில் வேலை போனவள். சொந்தமாகச் செய்யும் முதல் வேலை இது. ஒரு மாதம் தப்பில்லாமல் ஓடினால் தாங்களும் வாங்குவதாக வேறு நான்கு கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாம் போய்ப் போய் விலை கேட்க வேண்டாம், வெப்சாக்கெட் என்ற வழியைத் திறந்தே வைத்திருந்தால் சந்தையில் விலை மாறிய நொடியே இங்கே வந்துவிடும் என்றாள். அதற்கென்று யாரோ எழுதி வைத்த, லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்துத்தான் செய்திருந்தாள். இணைப்பு அறுந்தால் அதுவே மறுபடி சேர்ந்துகொள்ளுமாம். இரண்டே வாரத்தில் நானும் அதைப் பார்த்து விலை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஐப்பசியின் இடிமழையான துலாவருஷம் வந்தது. இடி கேட்டதும் மோடத்தின் பிளக்கை உருவிவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். நானும் உருவினேன், மழை விட்டதும் செருகினேன். திரையில் நின்ற விலைக்கே, வழக்கமாக என்னிடம் விற்கும் தோட்டக்காரர் அருமநாயகத்தின் ஷீட்டை எடைபோட்டு வாங்கினேன். அவர் ஜீப் ஏறிப் போன பிறகுதான், விலை எப்போதோ ஏறிவிட்டது என்று ஒரு வியாபாரி போனில் சொன்னார். உடனே ஷிஜியைக் கூப்பிட்டு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். போனை வைத்த பின்புதான் பிளக்கை உருவியது நினைவு வந்தது.

மறுநாள் அந்த நான்கு கடைக்காரர்களும் அருமநாயகமும் ஷிஜியும் கடைக்கு வந்தார்கள். பிளக்கை உருவியதை நான் சொன்னதும், என்மேல்தான் குற்றம் என்றார்கள். ஆமாம் என்று ஷிஜி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள்.

“அண்ணன் செய்ததுல தப்பில்ல. இடிச்சா உருவத்தானே வேணும். இணைப்பு திரும்ப வந்துது. ஆனா இணைப்பு வந்ததும் ரப்பர் விலை வேணும்னு சந்தை சர்வர்கிட்ட மறுபடியும் கேக்கணும். அதை நான் எழுதாம விட்டுட்டேன். தப்பு எனக்கதாக்கும்,” என்றாள்.

நால்வரும் திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஷிஜியோ லேப்டாப்பைத் திறந்து, விட்டுப்போனதை எழுதத் தொடங்கினாள்.

அருமநாயகம் மட்டும் போகவில்லை. நஷ்டப்பட்டவர் அவர்தான்.

“இந்தத் திரையைக் கழத்தாண்டாம் மக்கா. எனக்க ஷீட்டு இனியும் இங்கதான் வரும். தப்புன்னா தப்புன்னு சொல்லுத ஆளு உண்டுல்லா,” என்றார் என்னிடம்.

அதுவரை தாங்கியவள் அப்போதுதான் அழுதாள். முந்தின நாள் அவ்வளவு திட்டிய நான் எந்த முகத்தோடு தேற்றுவேன்?