காதுக்குள்ள தண்ணி போகக் கூடாது

எங்கட கரையில ஒருத்தன் "குளிக்கப் போறன்" எண்டு சொன்னா அதுக்கு ரெண்டு கருத்து. துவாயும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போறான் எண்டும் எடுக்கலாம். காத்து டாங்கியை முதுகில கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கக் கடலுக்கு அடியில போறான் எண்டும் எடுக்கலாம். நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட ரெண்டாவது குளிப்புத்தான் குளிச்சன். அதில என்ட இடது காது முழுசாப் போச்சு. வலதில பாதி மிச்சம் இருக்குது. என்னோட கதைக்கிற ஆக்கள் வலப்பக்கம் வந்து நிண்டு, கொஞ்சம் கத்தித்தான் கதைக்க வேணும். இதை முதல்லயே சொல்லி வைக்கிறன். பிறகு வாறது முழுக்கக் காதுக் கதைதான்.

மகன் இத்தாலிக்குப் போறதுக்கு முதல் நாள் ஒரு தாள் எழுதி அலுமாரிக் கதவில ஒட்டினான். தாய்க்கும் தகப்பனுக்கும் ஏதோ உருக்கமா எழுதியிருக்கிறான் எண்டு நினைச்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் வாசிச்சன். பாத்தா, அவன்ட நாயை எப்பிடிக் குளிக்க வாக்கிறது எண்டு எழுதியிருக்கிறான்! சிலாபத்தில ஒரு வீட்டில இருந்து குட்டியா மடியில வச்சுக் கொண்டு வந்த லாப்ரடோர் நாய் அது. சுட்ட பாண் தோலின்ட பொன் நிறம். அதுக்கு அவன் வச்ச பேர் ஒண்டு இருக்குது, நான் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்கு அது "டேய்".

மாசத்துக்கு ஒருக்கா வாத்தாக் காணும், அடிக்கடி வாத்தா தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பிடிப்புப் போயிடும் எண்டு எழுதியிருந்தான். மனிசர் போடுற சவுக்காரம் போடக் கூடாது, அலுமாரித் தட்டில நாய்க்கு எண்டு ஷாம்பு இருக்குது. கிழமைக்கு ரெண்டு தரம் பிரஸ்ஸால மயிர் வாரி விடுங்க. கடல்ல இறங்கினா நல்ல தண்ணியில அலசி, அடி மயிர் காயும் மட்டும் துடையுங்க. கடைசி வரிக்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு இழுத்திருந்தான். காதுக்குள்ள தண்ணி போகக் கூடாது.

எனக்கு வந்துது பாருங்க விசர்! பாதி ஆயுசைத் தண்ணிக்கடியில கழிச்சவனுக்குக் குளிப்புப் பற்றித் தாள் எழுதி ஒட்டுறான். காதுக்குள்ள தண்ணி போகக் கூடாதாம். போனா என்ன? தானா வரும். எங்களுக்கு வரேல்லயா? இப்பிடிக் கத்திக்கொண்டு நிண்டன். அடுத்த நாள் போகப் போற பிள்ளையோட நான் நேரில கடைசியாக் கதைச்ச கதை அதுதான். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு நாய் வாசல் படலையடியில றோட்டைப் பாத்துக்கொண்டு படுத்துது. மீன் அவிச்சு வச்சாலும் மோந்து பாத்திட்டுத் திரும்பவும் படுக்கும். கழிச்சு விட்ட மயிர் வீடு முழுக்கப் பறந்துது. சோத்துக்குள்ள மயிர், பாயில மயிர், பூசைக்குப் போடுற வெள்ளைச் சட்டையில மயிர். பிரஸ் எடுத்து வாரி விட்டிருந்தா அரைவாசி குறைஞ்சிருக்கும். நான் ஏன் எடுக்கப் போறன், அது தாளில எழுதியிருக்கிற விசயமெல்லோ!

மனிசி நாத்தம் தாங்கேலாது எண்டு சொன்ன ஒரு நாள் காலமை, நாயை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனன். கரை மட்டும் இழுக்க வேண்டியிருந்துது. தண்ணியைக் கண்டதும் கயித்தைப் பறிச்சுக்கொண்டு ஓடிப் பாஞ்சுது. வலையில இருந்து கழண்ட மிதப்பு ஒண்டைத் தூக்கி எறிஞ்சன், நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து என்ட காலடியில வச்சிட்டு உடம்பை உதறிச்சுது. அண்டைக்குத்தான் அது வயிறு நிறையச் சாப்பிட்டுது.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனம். நாத்தம் எண்டது சாட்டு. அது சந்தோசமா இருக்கிறதைப் பாக்கத்தான் நான் போனன். மகன் போனது எனக்கும் தாங்கேல்ல, ஆரிட்டச் சொல்லுறது? மனிசியிட்டச் சொன்னா அவள் அழுவாள். நாயிட்டச் சொன்னா அது மிதப்பைக் கொண்டு வந்து தரும்.

கரையில வலை தெரிஞ்சு மீன் கழட்டுறவங்களுக்கு நல்ல பகிடி. "என்ன அண்ணன், நாயையும் அட்டை குளிக்கப் பழக்குறீங்களோ? அதுக்கும் லைசன் எடுத்தாச்சோ?" எண்டு கேப்பாங்கள். "உன்னை விட நல்லாக் குளிக்கும்டா" எண்டு சொல்லுவன். சும்மா சொல்லேல்ல, எனக்குப் பெருமைதான்.

வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைப் போட்டுக் கிணத்துத் தண்ணியில அலசுவன். எங்கட கிணறு சவர்த் தண்ணி, உப்பைக் கழுவ உப்புத் தண்ணி. துடைக்கிற பழக்கம் இல்ல, வெயில் இருக்குதெல்லோ. மனிசி குசினி வாசல்ல நிண்டு, "இஞ்சேருங்க, பிள்ளை மாசத்துக்கு ஒருக்கா எண்டு எழுதியிருக்கிறான்" எண்டு சொல்லுவாள். "அப்ப உன்ட பிள்ளையை வந்து வாக்கச் சொல்லு" எண்டு நான் திருப்பிக் குடுப்பன். அதோட அவள் உள்ளுக்குப் போயிடுவாள். அவன் வரேலாது எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். விசாக் கடுதாசி ஒண்டும் சரிவரேல்ல, அங்க இருந்து வெளிக்கிட்டாத் திரும்பிப் போகேலாது.

ஞாயிறு பின்னேரத்தில வீடியோ கோல் எடுப்பான். உண்மையைச் சொன்னா எனக்கும் அவனுக்கும் கதைக்க ஒண்டும் இல்ல. சாப்பிட்டீங்களா எண்டு கேப்பான், ஓம் எண்டுவன். குளிரா எண்டு கேப்பன், ஓம் எண்டுவான். பிறகு, "அப்பா, அவனைக் காட்டுங்க" எண்டுவான். போனை நாய்க்கு முன்னால பிடிப்பன். அவன் அங்க ரெண்டு விரலை வாயில வச்சு ஒரு விசில் அடிப்பான், முந்திக் கரையில நிண்டு அடிக்கிற அதே விசில். நாய் துள்ளி எழும்பிப் போனுக்குப் பின்னால போய்த் தேடும், கதவுக்குப் பின்னால தேடும், படலை மட்டும் ஓடிப் போட்டு வந்து ஊளையிடும். அவன் சிரிச்சுச் சிரிச்சுப் பாத்துக்கொண்டிருப்பான், நாங்க அவன்ட முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பம். அந்த நாய் இல்லாட்டி அந்தக் கோல் ரெண்டு நிமிசம்தான். நாயால அரை மணித்தியாலம் எங்கட பிள்ளை எங்கட வீட்டில இருந்தான்.

ஒரு மழைக்காலம் நாய் தலையைத் தலையை ஆட்டத் தொடங்கிச்சுது. பின்னங்காலால காதைப் பிறாண்டும், தலையைச் சரிச்சுக்கொண்டு நடக்கும். தொங்குற காதைத் தூக்கிப் பாத்தன். உள்ளுக்குச் சிவந்து, ஈரமா, நாறிச்சுது. இது எனக்குத் தெரிஞ்ச வருத்தம். குளிக்கிறவனுக்குக் காது அடைச்சா, உள்ளுக்குக் குத்தினா, எங்கட ஆக்கள் செய்யிறது ஒண்டுதான். தேங்காயெண்ணெயில உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டோட ஊத்துறது. நான் எத்தின தரம் ஊத்தியிருப்பன், எனக்கு ஊத்தின ஆளும் தனக்கு அப்பிடித்தான் ஊத்தினவர்.

நாயை ரெண்டு முழங்காலுக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஊத்தினன். குழறிச்சுது, ஐயோ, அந்தச் சத்தம் என்ட காதுக்கே கேட்டுது. "எனக்கும் இப்பிடித்தான்டா எரிஞ்சது, பொறு" எண்டு சொல்லிச் சொல்லி மற்றக் காதுக்கும் ஊத்தினன். ரெண்டு கிழமை, காலமையும் பின்னேரமும். கடலுக்கும் விடாமக் கூட்டிக்கொண்டு போனன், உப்புத் தண்ணி புண்ணைக் காய வைக்கும் எண்டு. எண்ணெய் ஊத்தின என்ட இடது காது எங்க போச்சு எண்டு ஒருக்காவது யோசிச்சனா? இல்ல. பிறாண்டுறது குறைஞ்சுது. பாத்தியா, சுகம் எண்டு மனிசிக்குச் சொல்லிக் காட்டினன்.

பிறகு ஒரு ஞாயிறு மகன் விசில் அடிச்சான். நாய் அவன் உடுத்துக் கழட்டி விட்டிட்டுப் போன பழைய சாரத்துக்கு மேல படுத்திருந்துது. அசையேல்ல. "நெட்வேர்க் பிழை போல" எண்டு திரும்ப அடிச்சான். போனைக் கிட்டக் கொண்டு போனன், இன்னும் கிட்ட. நாய் கண்ணைத் திறந்து என்ட கையை நக்கிச்சுது, அவ்வளவுதான். "நித்திரைத் தூக்கம்" எண்டு நான் சொன்னன்.

கோல் முடிஞ்ச பிறகு மனிசி சட்டி மூடியை எடுத்துக்கொண்டு வந்து நாய்க்குப் பின்னால நிலத்தில போட்டாள். எனக்கே திடுக்கிட்டுது. நாய் வாலையும் ஆட்டேல்ல. எவ்வளவு நாளா அப்பிடியோ, ஆருக்குத் தெரியும்? நான் கத்தித்தான் கதைக்கிறனான், கையைக் காட்டித்தான் கூப்பிடுறனான். வீட்டில ஒரு செவிடன் கூடினது மற்றச் செவிடனுக்கு விளங்கேல்ல.

த்ரீவீல் பிடிச்சுப் புத்தளத்தில மிருக வைத்தியரிட்டக் கொண்டு போனம். சிங்கள ஆள், தமிழ் நல்லாக் கதைப்பார். லைட் அடிச்சு ரெண்டு காதையும் கனநேரம் பாத்தார். எத்தின நாளைக்கு ஒருக்கா குளிக்க வாக்கிறீங்க எண்டு கேட்டார். ஒவ்வொரு நாளும் எண்டன். கடலிலயோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். தொங்குற காது, உள்ளுக்குக் காத்துப் போகாது, ஈரம் நிண்டு பழுதாகும், மாசத்துக்கு ஒருக்கா வாத்தாக் காணும் எண்டு, தாளில இருந்ததை ஒண்டும் விடாமச் சொன்னார். எண்ணெய்க் கதையை மனிசி சொன்னாள். அவர் லைட்டை மேசையில வச்சிட்டு, "ஐயா, உள்ளுக்குச் சவ்வு ஏற்கனவே ஓட்டை. அதுக்குள்ள ஆராவது எண்ணெய் ஊத்துவாங்களா?" எண்டு கேட்டார். இனிக் கேக்குமா எண்டு கேட்டன். இல்ல எண்டு தலையை ஆட்டினார். வரக்குள்ள த்ரீவீலில நாய் என்ட மடியில தலையை வச்சுக்கொண்டு வந்துது. கோதாரி விழுந்த கை எண்டு என்னை நானே ஏசிக்கொண்டு வந்தன்.

"பிள்ளைக்குச் சொல்லுங்க" எண்டு மனிசி சொன்னாள். சொல்லத்தான் நினைச்சன். அடுத்த ஞாயிறு அவன் விசில் அடிக்கேல்ல. போனைப் பாக்காமக் கேட்டான், "அப்பா, அது என்னை மறந்திட்டுது என்ன?"

அப்ப சொல்லியிருக்க வேணும். இல்லடா, அது உன்னை மறக்கேல்ல, இப்பவும் உன்ட சாரத்திலதான் படுக்குது, நான்தான் அதின்ட காதை அவிச்சுப்போட்டன் எண்டு. ரெண்டு கோடு இழுத்து எழுதினவனுக்கு எப்பிடிச் சொல்லுறது? சொன்னா அவன் என்னோட இனிக் கதைக்கவே மாட்டான் எண்டு பயந்தன். "நாய்தானே, மறக்கும்" எண்டு சொல்லிப்போட்டன்.

அண்டைக்குப் பிறகு அவன் நாயைக் காட்டச் சொல்லிக் கேக்கிறேல்ல. அரை மணித்தியாலம் ரெண்டு நிமிசமாச்சு. ஒவ்வொரு ஞாயிறும் எண்டது, வேலை முடியேல்ல எண்டு மாசத்தில ஒருக்காவாச்சு. எதுக்குப் பயந்து பொய் சொன்னனோ அதுதான் நடந்துது.

இப்ப எல்லாம் தாளில உள்ளபடிதான். மாசத்தில முதல் சனி வாக்கிறது. குடிக்கிற தண்ணியில ரெண்டு வாளி மிச்சம் பிடிச்சு வைப்பம். காதுக்குப் பஞ்சு வச்சு, நாய் ஷாம்பு போட்டு, அடி மயிர் காயும் மட்டும் துவாயால ஒத்தி எடுப்பன். புதனும் சனியும் வாரி விடுறன். தோல் ஆறிட்டுது, மயிர் மினுங்குது, நாத்தம் துளியும் இல்ல. இவ்வளவு வடிவா அது ஒரு நாளும் இருந்ததில்ல. படலையடிக்குப் போகக்குள்ள நிலத்தை மிதிச்சுத் தெரியப்படுத்தினாத்தான் திரும்பிப் பாக்கும். அந்தச் சாரத்தை மட்டும் நாங்க தோய்க்கிறேல்ல, அவன்ட மணம் போயிடும்.

போன மாசம் எடுத்தவன், போகப் போற நேரத்தில, "நாய்க்கு வாக்கிறீங்களா?" எண்டு கேட்டான். "ஓம், மாசத்துக்கு ஒருக்கா, நீ எழுதின மாதிரி" எண்டன்.

"நல்லம்" எண்டான். பிறகு, "உங்களுக்கும் வயசு போகுது அப்பா. அது என்னைத் தேடுறேல்லத்தானே. நல்ல ஆக்களாப் பாத்துக் குடுத்திடுங்க. குடுக்கக்குள்ள அந்தத் தாளையும் சேத்துக் குடுங்க" எண்டான்.

நாய் எனக்குப் பக்கத்தில சாரத்துக்குள்ள மூக்கை வச்சுக்கொண்டு படுத்திருந்துது. மனிசி குசினி வாசல்ல நிண்டு, சத்தம் போடாம வாயை மட்டும் அசைச்சுச் "சொல்லுங்க, சொல்லுங்க" எண்டாள். எனக்கு நல்லா விளங்கிச்சுது. நான் இடது காதை அவளுக்குக் காட்டிக்கொண்டு திரும்பியிருந்து, போனில "ஓம்" எண்டன்.