பத்தாவது நகம்

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி பார்சல் வரும். எல்லாம் என் மகள் வரவழைப்பவை. போன ஞாயிற்றுக்கிழமை வந்த பெட்டியில் நகத்துக்கென்றே பதினொரு சாமான்கள் இருந்தன. தேய்க்க ஒன்று, மெருகேற்ற ஒன்று, நகக்கண் ஓரத்துத் தோலைத் தள்ள ஒன்று, காய வைப்பதற்கு ஒரு குட்டி விளக்கு. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ரிமூவர் பாட்டிலைத் திறந்தாள். மூக்குக்குள் ஜில்லென்று ஏறும் அந்த வாசனை வந்ததும், கூடவே எனக்குப் புளி வாசனையும் வந்தது. அன்று வீட்டில் யாரும் புளி கரைக்கவில்லை. அந்தப் புளி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் உங்களை மேற்குத் தாம்பரத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

பி.காம். முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருடங்கள், மார்க்கெட் பக்கத்தில் லலிதா அக்காவின் பேன்சி ஸ்டோரில் நின்றேன். ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, கவரிங் தோடு, வளையல் என்று நான்கு பேர் சேர்ந்தாற்போல் நுழைய முடியாத கடை. கண்ணாடி ஷோகேஸின் மேல்தட்டில் நெயில் பாலிஷ் வரிசை. அந்தத் தட்டு என் பொறுப்பு. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். எனக்கு நகமே கிடையாது. பள்ளிக்கூட நாளிலிருந்து கடித்துக் கடித்து, விரல் நுனிகள் அவித்த கடலை மாதிரி இருக்கும்.

"நகமில்லாதவ நெயில் பாலிஷ் வித்தா யாரும்மா வாங்குவாங்க? கைய கீழ வச்சுக்கோ" என்பார் லலிதா அக்கா. விரல்களில் வேப்பெண்ணெய் தடவிவிட்டும் பார்த்தார். ஒரே வாரத்தில் எனக்கு அந்தக் கசப்பு பழகிப் போயிற்று.

ஆனால் விஷயம் தெரியும். படிப்பில் காட்டாத அக்கறையை இதில் காட்டினேன். கெட்டியாக ஒரு தடவை பூசுவதைவிட மெலிதாக இரண்டு தடவை பூசுவது மேல். நகத்தை ஒரே திசையில் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் இழுத்தால் பிளக்கும். மஞ்சள் கறைக்கு எலுமிச்சை மூடி, ஓரத்துத் தோலுக்கு வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய். அதிகம் விற்பது நிறமில்லாத பாலிஷ்தான். அதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நகத்துக்கு வாங்குவதில்லை, கவரிங் தோடு கறுக்காமலிருக்க அதன் மேல் பூசுவதற்கு வாங்குவார்கள்.

மல்லிகா அக்கா மீன்காரர். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து விடியற்காலை கூடையோடு வந்து மார்க்கெட்டில் உட்காருவார். மத்தியானம் விற்று முடிந்ததும் எங்கள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். மீன் வாடை போகப் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார். மேல்தட்டில் ஒரு மெரூன் பாட்டிலையே பார்ப்பார், போய்விடுவார். மூன்று வாரம் இப்படி.

நான்காம் வாரம் நானே கேட்டேன். "எடுத்துக் காட்டட்டுமாக்கா?"

அவர் ரோட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "எனக்குத்தான் பாப்பா. தையில கல்யாணம்."

முதல் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் எட்டு வருடமாகியிருந்தது. இப்போது கட்டிக்கொள்ளப் போகிறவர் தேவராஜ், பம்மல்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் கூடையை ஏற்றி இறக்கியதில் உண்டான பழக்கம்.

"மொத கல்யாணத்துல கைல மீன் செதிலு ஒட்டிக்கினு இருந்துச்சி. இந்தத் தபா ஒய்ங்கா போவணும். எங்க நாத்தனா கேக்குறா, முப்பத்தாறு வயசுல இன்னாத்துக்கு சாயம்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?" அவர் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது.

"வெரலு என்னுதுன்னேன்."

ஆனால் அவர் கையை ஷோகேஸ் மேல் வைத்ததும், எடுத்த பாட்டிலைத் திறக்காமல் பிடித்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீரிலும் மீன் முள்ளிலும் கிடந்த நகங்கள் பிளந்திருந்தன. வலது கட்டைவிரலில் நகச்சுத்தி. நகம் கறுத்து, ஓரம் வீங்கியிருந்தது. எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிப் பார்த்தாராம், கேட்கவில்லையாம்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த லலிதா அக்கா பாட்டிலை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். "புண்ணு மேல பூசினா வெரலே போயிடும். மொதல்ல டாக்டர், அதுவரைக்கும் கையில தண்ணி படக் கூடாது. அப்புறம் வாங்க, நானே தரேன்."

மல்லிகா அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "கைய தண்ணில வெக்காத எப்பிடிக்கா மீன் விக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு என்ன தோன்றியதோ, கீழே ஒளித்து வைத்திருந்த கையை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, எலி கட்ச்சிச்சா?"

"நானேதான்."

சிரித்தவர் சொன்னார்: "சரி. நீ கடிக்காத இரு. நான் நனைக்காத இருக்கேன். யாரு ஜெயிக்கிறான்னு பாக்கலாம்."

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாத்திரை, களிம்பு, தண்ணீர் படாமல் உறை. ரப்பர் உறையோடு மீன் விற்க உட்கார்ந்தவரை மற்றவர்கள் "ஆப்பரேசன் டாக்டர் வந்துகிறாங்க" என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள். பிறகு பக்கத்தில் உட்காரும் பெண்ணே இவருடைய மீனையும் கழுவிக் கொடுக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் ஷோகேஸ் மேல் கைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். நடுவில் ஒரு நாள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய், வெளியே காத்திருந்த நேரத்தில் இரண்டு விரலைத் தீர்த்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை அவர் என்னுடன் பேசவில்லை. வேலையும் கிடைக்கவில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் மன்னித்தார்.

தை வந்தபோது எனக்கு எட்டு விரல்கள், அவருக்கு ஒன்பது தேறிவிட்டன. கட்டைவிரலில் மட்டும் பழைய நகம் விழுந்து, புதிது அரைக்கால்வாசி எட்டிப் பார்த்தது. திருநீர்மலையில் கல்யாணம். முதல் நாள் மத்தியானம் கடை ஸ்டூலில் உட்காரவைத்து, மெலிதாக இரண்டு தடவை, ஒன்பது நகங்களுக்குப் பூசினேன். வெளியே ஆட்டோவோடு நின்ற தேவராஜிடம் மல்லிகா அக்கா கையை நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணு உட்டுப் போச்சே?"

"அது இன்னும் வளரல" என்றேன், ஏதோ என் தப்பு மாதிரி.

"வளரட்டும். இன்னா அவுசரம்" என்றார் தேவராஜ்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். "அந்த ஒண்ணு ரெடி ஆயிட்ச்சிமா. போட்டு வுடு" என்று மனைவியின் கையைப் பிடித்து ஷோகேஸ் மேல் வைத்தவர் தேவராஜ்தான். முழு நகம், கொஞ்சம் கோணல், ஆனால் சுத்தமான ரோஜா நிறம். பிரஷில் அதிகம் எடுத்துவிட்டதால் ஓரத்தில் வழிந்தது. பஞ்சில் ரிமூவர் தொட்டு அதைத் துடைக்கும்போது, மல்லிகா அக்காவின் கையிலிருந்த புளி வாசனையும் சேர்ந்து வந்தது. தேவராஜ் குனிந்து நகத்தை ஊதத் தொடங்கினார்.

"ஊதாதீங்க சார், சுருங்கிடும்" என்றார் லலிதா அக்கா. தேவராஜ் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். மல்லிகா அக்கா சிரித்த சிரிப்பில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் கையை மறைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது. மல்லிகா அக்கா சில காலம் கழித்துப் பம்மலில் சொந்தமாக மீன் கடை போட்டார் என்று கேள்விப்பட்டேன். லலிதா அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். வாங்காவிட்டாலும் சுண்டுவிரலில் ஒரு தீற்று பூசிப் பார்க்கலாம் என்று அங்கே இருந்த சலுகை இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் போனவற்றில் ஒன்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சென்ற வாரம் இங்கே மார்க்கெட்டில் சங்கரா மீன் வெட்டித் தந்த பெண்ணுக்கு எப்படியும் நாற்பத்தைந்து வயதிருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டுச் சில்லறை கொடுத்த விரல்களில் பளபளவென்று நீலம். நன்றாக இருக்கிறது என்றேன். "அடுத்த வாரம் பச்ச" என்றார். வாங்குவதற்கு முன் ரோட்டை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை எங்கேயோ தொலைந்து போயிருக்கிறது.